டவர் ஹோல் மேடையும் எங்கட குரல்களும்

கொழும்பு மருதானை, பஞ்சிகாவத்தை வீதியில் டவர் ஹோல் என்ற பழைய நாடக அரங்கு இன்றும் நிற்கிறது. 1911 டிசம்பரில், சார்ள்ஸ் டயஸ் எழுதிய 'பண்டுகாபய' நாடகத்தோடு அது திறந்து வைக்கப்பட்டது. சிங்கள இசை நாடகத்தின் தாய்வீடு என்று சிங்கள மக்கள் அதைப் போற்றுகிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் மருதானைப் பள்ளிவாசல் வரும், ஸாஹிறாக் கல்லூரி வரும். நூறு வருஷத்துக்கு மேலாக இந்த அரங்கும் நம்மட பள்ளிவாசலும் கல்லூரியும் ஒரே அயலில் இருந்து வருகின்றன. ஆனாலும் டவர் ஹோல் என்று சொன்னால், "அது சிங்கள ஆக்கள்ற கதை, நமக்கு அதுல என்ன?" என்றுதான் நம்மில் பலர் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். டவர் ஹோல் மேடையில் பேசப்பட்ட மொழி சிங்களம். சொல்லப்பட்ட கதைகளில் பெரும்பாலானவை பௌத்த அரசர்களின் கதைகள். அங்கே பாடப்பட்ட இசையின் வேரைத் தேடிப்போனால், ஒரு கிளை தமிழ்க் கூத்துக்கும் மறு கிளை லக்னோவின் உருது இசை நாடகத்துக்கும் போகிறது. இரண்டாவது கிளையில் முஸ்லிம்களின் பங்கு மறைக்க முடியாதது. சிங்களவர் அதை மறந்தார்கள் என்று குறை சொல்லுமுன், நாமும் அதை எழுதி வைக்கவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கூத்து, நாடகமாகிய கதை

டவர் ஹோல் கட்டப்படுவதற்கு நூறு வருஷம் முன்பே மேற்குக் கரையோரத்தில் 'நாடகம' என்ற சிங்களக் கூத்து இருந்தது. பெயரிலேயே தமிழ் இருக்கிறது. யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கர் ஆடிய தமிழ்க் கூத்து சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கொழும்பை நோக்கி இறங்கி, சிங்களக் கத்தோலிக்கரின் ஆட்டமாக மாறியது. அதன் முன்னோடியாகப் பேசப்படுபவர் பிலிப்பு சிஞ்ஞோ என்ற கொல்லர். 'எஹெலேபொல நாடகம' அவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது.

நாடகமவில் கதை தொடங்கி வைப்பவரைப் 'பொத்தே குரு' என்பார்கள். நம்மட கூத்தில் ஏட்டண்ணாவியார் செய்யும் வேலை அது. பாட்டு வகைகளின் பெயர்களைப் பாருங்கள்: இன்னிசய, சிந்துவ, விருது. இவற்றைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. அடிக்கும் மத்தளத்துக்குச் சிங்களத்தில் 'தெமள பெறய', அதாவது தமிழ் மேளம் என்றே பெயர். இந்தக் கூத்துமுறையைத்தான் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தில் மீட்டெடுத்து, நவீன சிங்கள நாடகத்துக்கு அடித்தளம் இட்டார். தமிழ்ப் பக்கத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதே காலப்பகுதியில் கூத்துக்களைத் தொகுத்துப் பதிப்பித்து, மேடைக்கும் கொண்டுவந்தார். 'அலங்காரரூபன் நாடகம்' 1962இலும் 'என்றீக் எம்பரதோர் நாடகம்' 1964இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன.

முஸ்லிம்களுக்கும் இந்த நாடக மரபில் பங்கு இருந்தது. சீதக்காதி நொண்டி நாடகத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்பு அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம், லால் கௌகர் நாடகம் என்று இஸ்லாமியப் பின்னணிக் கதைகளைப் பாட்டாகச் சொல்லும் நாடக நூல்கள் தமிழில் எழுந்தன. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என்ற வகைகளோடு சேர்த்து இவற்றையும் பாடிக் கேட்டுத்தான் நம்மட மூத்தவாப்பா, மூத்தம்மாமார் கதை அறிந்தார்கள். எழுத்துத் தெரியாத வீட்டிலும் பாட்டுத் தெரிந்திருந்தது.

இந்தர் சபா கொழும்புக்கு வந்தது

1880களில் கொழும்பின் நாடக ரசனை திடீரென்று மாறியது. அதற்குக் காரணம் பம்பாயிலிருந்து கப்பலேறி வந்த பார்சி நாடகக் கம்பனிகள். இலங்கை நாடக வரலாற்றை எழுதுவோர் பாலிவாலாவின் குழுவை முதலில் சொல்வர். அவர்கள் கொண்டுவந்த நாடகங்களில் எல்லாரையும் மயக்கியது 'இந்தர் சபா'.

இந்த நாடகத்தை எழுதியவர் லக்னோ நகரத்து உருதுக் கவிஞர் ஆகா ஹசன் அமானத். காலம் 1850களின் முற்பகுதி. அவத் நாட்டை நவாப் வாஜித் அலி ஷா ஆண்ட காலம். கதை இதுதான்: இந்திரனின் சபையில் ஆடும் பச்சைப் பரி, குல்ஃபாம் என்ற பூலோக இளவரசன் மேல் காதல் கொள்கிறாள். விஷயம் தெரிந்த இந்திரன் அவனைக் கிணற்றில் அடைத்து, அவளைச் சபையிலிருந்து விரட்டுகிறான். அவள் துறவிப் பெண் வேஷம் பூண்டு பாடித் திரிகிறாள். அந்தப் பாட்டில் மனம் இளகி, என்ன வேண்டும் என்று கேட்கிறான் இந்திரன். குல்ஃபாம் விடுதலையாகிறான். இந்துப் புராணத்து இந்திரனும் பாரசீகக் கதைகளின் பரிகளும் ஒரே சபையில்! கஸல், தும்ரி, ஹோலிப் பாட்டு, வசந்தப் பாட்டு என்று பாட்டாலேயே நகரும் நாடகம் அது. எழுதியவர் ஒரு முஸ்லிம். மேடையேற்றியவர்கள் பார்சிகள். நடிகர், பாடகர், வசனம் எழுதும் முன்ஷிகளில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள்.

இந்த அலை கொழும்போடு நிற்கவில்லை. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று கீழைத் துறைமுகங்கள் எல்லாம் போனது. பினாங்கில் மலாய் மக்கள் அதைப் பார்த்து 'பங்சாவான்' என்ற தங்கள் சொந்த இசை நாடகத்தை உண்டாக்கினார்கள். தமிழ்நாட்டுக் கம்பனிகளும் இந்திர சபா, குலேபகாவலி, லைலா மஜ்னு என்று பாரசீக, உருதுக் கதைகளை மேடையேற்றின. கொழும்பில் அந்த அலை 'நூர்த்தி' என்ற சிங்கள இசை நாடகமாக உருவெடுத்தது.

முதலில் சி. டொன் பஸ்தியன், பின்பு சட்டத்தரணி ஜோன் டி சில்வா, அவர் பின்னே சார்ள்ஸ் டயஸ். இவர்கள் கையில் நூர்த்தி வளர்ந்தது. நாடகம கர்நாடக இசையின் சாயலில் இருந்ததென்றால் நூர்த்தி ஹிந்துஸ்தானி ராகங்களில் அமைந்தது. ஜோன் டி சில்வா தமது நாடகங்களுக்கு மெட்டமைக்க இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லௌஜி என்ற வித்துவானை வரவழைத்தார். வித்துவானுக்குச் சிங்களம் தெரியாது. பாட்டின் கருத்தைக் கேட்டு மெட்டுப் போட்டார். அப்படிப் பிறந்ததுதான் 1903இல் மேடையேறிய 'சிறிசங்கபோ' நாடகத்தின் 'தன்னோ புதுன்கே' என்ற பாட்டு. பௌத்தப் பெருமை பேசும் பாட்டு என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளையும் அறியும்.

2016 பெப்ரவரி 4ஆம் திகதி, காலிமுகத்திடல் சுதந்திர தின விழாவில் கிஷானி ஜயசிங்க என்ற பாடகி அந்தப் பாட்டை மேலைத்தேய ஒபெரா முறையில் பாடினார். நாட்டில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. நம்மட மரபைக் கெடுத்துவிட்டார் என்றார்கள் சிலர். அவர்கள் மரபு என்று காக்க நினைத்த மெட்டு, சிங்களம் தெரியாத ஓர் இந்தியரின் ஆக்கம். மரபு என்பது எப்படியெல்லாம் கலந்து உருவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஒலிபெருக்கி இல்லாத மேடை

டவர் ஹோல் திறந்த நாளில் ஒலிபெருக்கி என்ற ஒன்று மேடைக்கு வந்திருக்கவில்லை. பாடுபவரின் தொண்டை, ஒரு ஹார்மோனியம், தபேலா, வயலின்: இவ்வளவுதான். ஹார்மோனியத்தைச் சிங்களத்தில் 'சர்ப்பினாவ' என்பார்கள். கடைசி வாங்கில் கொஞ்சக் காசு கொடுத்து வந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும். அதனால் சுருதியை ஏற்றி வைத்துப் பாடுவார்கள். உச்சஸ்தாயியில் நின்று சொல்லைச் சிதைக்காமல் பாடத் தெரிந்தவருக்கே அந்த மேடையில் இடம். பிடித்த பாட்டை 'இன்னொருக்கா' என்று கேட்டுக் கைதட்டினால் திரும்பவும் பாட வேண்டும். கதை அதுவரை காத்திருக்கும்.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. கொழும்பு தெவட்டகஹப் பள்ளிவாசல் போன்ற ஸியாரங்களில் கந்தூரிக் காலத்தில் பக்கீர்மார் றபானைத் தட்டிப் பாடுவதும், றாத்தீப் மஜ்லிஸில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பைத் சொல்வதும் இதே கலைதான். ஒரு குரல் கூட்டத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டும். கிழக்கிலங்கையில் வயல் காவலில் பாடும் கவியும் அப்படியே. காவற்பரணில் இருந்து பாடினால் அடுத்த வயலில் இருப்பவர் எதிர்க்கவி சொல்வார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் அந்தக் கவிகளை அரும்பாடுபட்டுத் தொகுத்து அச்சில் ஏற்றினார்கள். கொழும்பு முஸ்லிம்களின் பாட்டுக்கு அப்படி ஒரு தொகுப்பாளர் அமையாமல் போனது பெரிய இழப்பு.

கொட்டாஞ்சேனைப் பக்கம்

மருதானையில் சிங்கள நூர்த்தி களைகட்டிய காலத்தில், வடகொழும்பில், கொட்டாஞ்சேனையை ஒட்டிய ஜிந்துப்பிட்டியில் தமிழ் நாடகக் கொட்டகை நடந்தது. தமிழ்நாட்டுக் கம்பனிகள் கப்பலில் வந்து அங்கே நாடகம் போட்டன. துறைமுகத் தொழிலாளி, செட்டியார்தெருக் கடைச் சிப்பந்தி, கரையோரத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்த முஸ்லிம் என்று எல்லாருக்கும் அது பக்கத்திலேயே இருந்தது. 1920களில் கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் கொழும்புக்கு வந்து பாடி நடித்தார்கள். அவர்கள் இருவரும் ஒலிபெருக்கி இல்லாக் காலத்தின் உச்சக் குரல்கள். கிட்டப்பா 1933இல் இளம் வயதிலேயே மறைந்தார்.

கொழும்பில் வேலை பார்த்த படித்த தமிழரிடையே இன்னொரு விதமான நாடகமும் எழுந்தது. சென்னையிலிருந்து பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை வந்து நாடகம் போட்டதைப் பார்த்து, கலையரசு க. சொர்ணலிங்கம் முதலானோர் லங்கா சுபோத விலாச சபையைக் கொழும்பில் அமைத்தார்கள். பிற்காலத்தில் தமிழ் மேடையின் மையம் மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்து வெள்ளவத்தைக்கு வந்தது. இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் மண்டபமும் இன்று அந்த வேலையைச் செய்கின்றன. மேடை நகர்ந்தபோது அதன் பார்வையாளரும் மாறினார்கள். கொட்டாஞ்சேனைக் கொட்டகையின் கடைசி வாங்கில் இருந்த தொழிலாளியை வெள்ளவத்தை மண்டபத்தில் காண்பது அரிது.

1915

இந்த வரலாற்றைப் பேசும் முஸ்லிம் வாசகர் மனதில் எழும் கேள்வி ஒன்று உண்டு. டவர் ஹோல் திறந்து நாலு வருஷம் முடியுமுன்பே, 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் ஜூன் முதல் நாட்களில் கொழும்புக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கரையோரச் சோனகரை அந்நியர் என்றும் சுரண்டுபவர் என்றும் ஏசிய பேச்சும் எழுத்தும் அதற்குமுன் பல வருஷங்களாக நடந்து வந்தன. மதுவிலக்கு, தேசப்பற்று, பௌத்த மறுமலர்ச்சி என்று எழுந்த அந்தக் காலத்து உணர்ச்சிகளுக்கு நூர்த்தி மேடையும் ஒரு குரலாக இருந்தது. ஜோன் டி சில்வா நாடகம் எழுதியதே ஆரிய சிங்களப் பெருமையை மீட்பதற்காகத்தான்.

நாடகம் பார்த்துவிட்டுப் போய்க் கடையை உடைத்தார்கள் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்வது நியாயமுமில்லை. சொல்லக்கூடியது வேறு. அந்நியர் என்று ஒரு சமூகம் ஒதுக்கப்பட்ட அதே வருஷங்களில், அந்த 'அந்நியர்' வழியாக வந்த ராகத்தில்தான் தேசப்பற்றுப் பாட்டு பாடப்பட்டது. வாய் 'ஆரிய சிங்களம்' என்றது. மெட்டு பம்பாய், லக்னோ என்றது. மேடையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். வாங்கில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இசை மக்களைச் சேர்க்கும் என்று மேடைகளில் சும்மா சொல்வோம். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கேட்கும் இசை யாரையும் சேர்க்காது என்பதை 1915 காட்டுகிறது.

இசைத்தட்டும் சினிமாவும்

1920களின் பின்பாதியில் டவர் ஹோல் தளரத் தொடங்கியது. காரணம் சினிமா. இதிலும் ஒரு முஸ்லிம் பெயர் வருகிறது. 1925இல் 'ராஜகீய விக்கிரமய' என்ற மௌனப் படத்தைத் தயாரித்தவர் டீ. ஏ. ஜே. நூர்பாய்; இலங்கையில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படமாக அதைச் சொல்வார்கள். பேசும் படம் வந்தபின் நாடகக் கம்பனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. டவர் ஹோலும் படமாளிகையானது. மேடைப் பாடகர் பலருக்கு இசைத்தட்டும் வானொலியும் புதிய பிழைப்பாயின.

அந்த மாறுதலின் நடுவில் வந்தவர்தான் முஹம்மத் மொஹிதீன் பேக். 1919இல் சேலத்தில் பிறந்து, 1930களின் தொடக்கத்தில் சிறுவனாக இலங்கைக்கு வந்தவர். நூர்த்தி உலகில் பேர் பெற்ற லக்ஷ்மி பாயோடு சேர்ந்து இசைத்தட்டில் பாடித் தொடங்கினார். 1947இல் வெளியான 'அசோகமாலா' படத்தில் பாடினார். அதன் இசையமைப்பாளர் முஹம்மத் கௌஸ், எல்லாரும் கௌஸ் மாஸ்டர் என்று அழைத்தவர். பிறப்பில் தமிழ்ப் பெண்ணான ருக்மணி தேவியோடு பேக் பாடிய சோடிப் பாடல்களைச் சிங்கள மக்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். வெசாக் காலத்தில் தெருவெல்லாம் கேட்கும் பக்திப் பாடல்களில் பல அவருடைய குரலே. 1991இல் அவர் இறக்கும்வரை ஐந்து வேளையும் தொழுத முஸ்லிமாகவே வாழ்ந்தார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். மொஹிதீன் பேக்கின் குரலைக் கவனித்துக் கேளுங்கள். திறந்த தொண்டை, உயர்ந்த சுருதி, ஒவ்வொரு சொல்லையும் கடைசி வாங்குவரை அனுப்பும் அழுத்தம். அது ஒலிவாங்கிக்குமுன் மெதுவாகப் பாடப் பழகிய குரல் அல்ல. மேடை இசையின் பழக்கமும் கவ்வாலியின் பழக்கமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

டவர் ஹோலுக்கு மறுவாழ்வு 1978இல் கிடைத்தது. ரணசிங்க பிரேமதாசவின் முயற்சியால், பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் டவர் ஹோல் அரங்க மன்றம் நிறுவப்பட்டது. பழைய அரங்கு திருத்தப்பட்டது. முதுமையில் வறுமைப்பட்டிருந்த பழைய கலைஞர்களுக்கு உதவி கிடைத்தது. பாட்டுகள் பாடிக் காட்டப்பட்டுப் பதிவாயின. மருதானையில் எல்பின்ஸ்டன் என்ற பெயரில் இன்னோர் அரங்கும் அந்த மன்றத்தின்கீழ் இருக்கிறது. பம்பாய்ப் பார்சிக் கம்பனி ஒன்றின் பெயரும் அதுவே.

பேசத் தயங்கும் விஷயம்

"இசையே கூடுமா கூடாதா என்று உலமாக்கள் பேசுற விஷயம். அதுல முஸ்லிம்கள்ற பங்கைத் தேடிப் பெருமைப்படுறதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தப் அடித்துப் பாடுவது, வாத்தியங்கள், ஸமாஉ ஆகியவை பற்றி நம்மட இமாம்களிடையே பல நூற்றாண்டுகளாகக் கருத்து வேற்றுமை உண்டு. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் ஸமாஉ பற்றித் தனிக் கிதாபே எழுதினார்கள். அந்த மஸ்அலாவைத் தீர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள்.

வரலாற்றின் வேலை நடந்ததை நடந்தபடி பதிவது. கூடும் என்பவரும் கூடாது என்பவரும் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு: இந்நாட்டின் பொதுப் பண்பாட்டைக் கட்டியவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்கள் கடை வைத்தார்கள் என்று மட்டும் எழுதி முடித்தால் அது அரைகுறைக் கணக்கு. "நீங்க வியாபாரத்துக்கு வந்த ஆக்கள்தானே" என்று சொல்கிறவருக்கு இன்றும் அந்த அரைகுறைக் கணக்குத்தான் கைகொடுக்கிறது. சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியதையும் 1892இல் மருதானையில் ஸாஹிறா எழுந்ததையும் நாம் நன்றாக எழுதி வைத்திருக்கிறோம். அதே காலத்தில், அதே நகரத்தில், பாட்டிலும் மேடையிலும் நடந்ததையும் அந்தப் பக்கத்திலேயே சேர்த்து எழுத வேண்டும்.

செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. மருதானை, கொம்பனித்தெரு, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளில் பழைய இசைத்தட்டுகள், நாடக நோட்டீஸ்கள், கையெழுத்துப் பாட்டுக் கொப்பிகள் இன்னும் அலுமாரிகளில் கிடக்கலாம். வீடு திருத்தும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான். றாத்தீப், பக்கீர் பைத், தாலாட்டு, கலியாணப் பாட்டு ஆகியவற்றை இன்னும் பாடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். இன்று கைத்தொலைபேசி ஒன்றே போதும்: பாட்டைப் பதிந்து, பாடியவரின் ஊர், யாரிடம் பழகினார், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடுவார்கள் என்று கூடவே குறித்து வைக்கலாம். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பாட ஆசிரியர்கள் ஒரு தவணை வேலையாக இதைப் பிள்ளைகளிடம் கொடுத்தால், இரண்டு மூன்று வருஷத்தில் கொழும்பு முஸ்லிம்களின் பாட்டுத் தொகுப்பு ஒன்று தானாகச் சேரும். டவர் ஹோல் மன்றத்தின் பதிவுகளையும் நம்மட மாணவர் ஒருவர் சிங்களம் கற்றுக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.